மீட்டிங்கில் எப்போது பேச வேண்டும்?

வணக்கம். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை, வேலையில் குறை இல்லை, ஆனால் அப்ரைசலில் 'மீட்டிங்கில் பேசுவதே இல்லை' என்று எழுதிவிட்டார்கள், இனி வலியப் பேசித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் பேச வேண்டாம். அடுத்தவர் சொன்னதையே திருப்பிச் சொல்வதால் யாருக்கும் பயன் இல்லை. ஆனால் உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தால் சும்மா இருக்கக் கூடாது. 'வெள்ளிக்கிழமை ரிலீஸ், எல்லாம் ஓகேதானே?' என்று மேனேஜர் கேட்கிறார். ரீஃபண்ட் பகுதியை இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "ரீஃபண்ட் இன்னும் டெஸ்ட் ஆகவில்லை, இரண்டு நாள் வேண்டும்." இவ்வளவு போதும்.

முதல் வார்த்தைதான் கஷ்டம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் குழுவில் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஒருமுறை பேசிவிட்டவருக்கு, பிறகு ஏதாவது தப்பாகப் பட்டால் சொல்வது சுலபம். நீங்களும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சின்னக் கேள்வியாவது கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போகத் தயக்கம் கூடத்தான் செய்யும்.

அப்புறம், முந்தின நாளே உங்கள் கருத்தை டீம் லீடுக்கு நாலு வரியில் மெயில் போட்டு, 'நாளை இதைச் சொல்ல ஒரு நிமிடம் கொடுங்கள்' என்று கேளுங்கள். மேனேஜரிடமும் நேரில் கேளுங்கள்: எந்த மீட்டிங்கில், என்னிடம் என்ன எதிர்பார்த்தீர்கள்? இரண்டு பேரே முழு நேரமும் பேசுகிற கூட்டம் என்றால், மற்றவர்களையும் பேசவைப்பது அவருடைய வேலை. அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.