வேற்றுக்கிரகத்தில் பெண்ணெடுத்தல்

அன்புள்ள ஐயா,

அறிவியல் புனைகதைகளில் பூமிக்காரன் வேற்றுக்கிரகப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொள்கிறான், பிள்ளையும் பெறுகிறான். உயிரியல் படித்த எனக்கு இது சிரிப்பாக இருக்கிறது. குதிரையும் கழுதையும் சேர்ந்தாலே மலட்டுக் கோவேறு கழுதைதான் பிறக்கிறது. பெரிய எழுத்தாளர்கள்கூட ஏன் இதை எழுதினார்கள்? நானும் இப்படி ஒரு கதை தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். என் மனைவியிடம் சொன்னபோது, "கல்யாணத்துக்கு அப்புறம் யார் யார் வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு இந்த வகை எழுத்தில் பழக்கமில்லை.

சுதாகர்

அன்புள்ள சுதாகர்,

உங்கள் மனைவியின் கேள்வி இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். அவருக்குப் பழக்கமில்லை என்கிறீர்கள். உங்களுக்குப் பழக்கம் இருந்து என்ன கண்டீர்கள்?

உயிரியலை விடுங்கள். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. யார் இல்லையென்றார்கள்? 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் வருவதுபோல மனிதனுக்கும் வல்கன் கிரகத்தவருக்கும் பிள்ளை பிறப்பது மனிதனுக்கும் பெட்டூனியாச் செடிக்கும் பிறப்பது மாதிரிதான் என்று வானியலாளர் கார்ல் சேகனே கேலிசெய்தாயிற்று.

யார் வீட்டுக்கு யார் போவது என்பதுதான் விஷயம். எட்கர் ரைஸ் பர்ரோஸ் 1912-இல் வெளியான தொடரில் ஜான் கார்ட்டர் செவ்வாய்க்குப் போய் இளவரசி தேஜா தோரிஸை மணந்து, அங்கேயே வீட்டோடு மாப்பிள்ளையாகிவிடுகிறான். அரண்மனை மாடியில் அவர்களுடைய வெள்ளை முட்டை பொன் பெட்டியில் அடையில் இருக்கிறது, கிட்டத்தட்ட ஐந்து வருடமாகச் சிப்பாய்கள் காவல். பர்ரோஸுக்குத் துளிக்கூடக் கூச்சமில்லை! 'ஸ்டார் ட்ரெக்'கில் பாதி மனிதனும் பாதி வல்கனுமான ஸ்பாக்கின் அம்மா அமாண்டா பூமியை விட்டு வல்கனுக்குப் போனவள். ஏன் அவளை மணந்தீர்கள் என்று மகன் கேட்டால், அப்போது அதுதான் தர்க்கப்படி சரியாகப் பட்டது என்கிறார் அப்பா. அது ஒளிபரப்பானது 1967 நவம்பரில். அதே வருடம் ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்ளக் கூடாதென்று 16 மாநிலங்கள் வைத்திருந்த சட்டங்களைச் செல்லாது என்றது. ஏன் எழுதினார்கள் என்ற உங்கள் கேள்விக்கு இந்த அளவு போதும்.

நான் கொஞ்ச நாளாக மண்டைக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருப்பது பிலிப் ஹோசே ஃபார்மரின் 'தி லவ்வர்ஸ்' கதையை. பத்திரிகை ஆசிரியர்கள் ஜான் கேம்ப்பெலும் எச். எல். கோல்டும் வேண்டாமென்று திருப்பியனுப்பி, 1952-இல் 'ஸ்டார்ட்லிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையில் வந்தது. கடுமையான மதவாதிகள் ஆளும் பூமியிலிருந்து போன ஹால் என்பவன், ஓசஜென் கிரகத்தில் ஜெனெட்டைச் சந்திக்கிறான். பார்த்தால் மனுஷிதான். உண்மையில் மனித உருக்கொண்ட பூச்சியினம். கருத்தரித்தால் அவள் பிழைக்க மாட்டாள், வயிற்றிலிருக்கும் புழுக்கள் தாயைத் தின்றுதான் வளரும். மது கருத்தரிப்பைத் தடுக்கும், அதனால் குடிக்கிறாள். இவனோ, ஐயோ குடிக்கிறாளே என்று உருகி, அவளுக்குத் தெரியாமல் போதையில்லாத பானத்தை மாற்றி வைத்துவிடுகிறான். அவ்வளவுதான்.

அவள் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவனுடைய மதத்தைப் பார்த்த எவள் வாயைத் திறப்பாள்? ஏன் குடிக்கிறாய் என்று இவன் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கலாம். இவனுக்குப் பதில் தேவைப்படவில்லை, ஏனென்றால் இவன் நல்லவன்.

என் பெரியம்மாவுக்கு மூக்குப்பொடிப் பழக்கம். பெரியப்பா ஒருநாள் பொடி டப்பாவைக் கிணற்றில் போட்டுவிட்டார். பெரியம்மா வீடு முழுக்கத் தேடினார். பாயை உதறி, அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, பெரியப்பாவும் கூடவே தேடினார். கிணற்றில் போட்டதைக்கூட விட்டுவிடலாம். சேர்ந்து தேடினாரே! ஊரில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். ஃபார்மரைப் படித்தபோது எனக்கு அந்த அரிசிப் பானைதான் ஞாபகம் வந்தது. நீங்கள் குரோமோசோம் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆக்டேவியா பட்லர் 1984-இல் எழுதிய 'ப்ளட்சைல்ட்' கதையில் கேள்வி நேருக்கு நேர் கேட்கப்படுகிறது. மனிதர்கள் குடியேறிய வேற்றுக்கிரகத்தின் பல கால்கள் கொண்ட உயிரான த'காடோய், கான் என்ற பையனின் உடலில் முட்டையிட வேண்டும். பிறப்பு தவறிப்போனால் என்ன ஆகும் என்று இன்னொருவன் வயிற்றில் அன்றுதான் பார்த்திருக்கிறான் பையன். மனிதர்கள் துப்பாக்கி வைத்திருப்பது அங்கே குற்றம். பையன் வீட்டிலிருக்கும் துப்பாக்கியை அவள் எடுத்துப்போகப் பார்க்கிறாள். நாங்கள் உனக்கு வளர்ப்பு மிருகமில்லை என்றால் இது இந்த வீட்டில் இருக்கட்டும், கூட்டாளியோடு வாழ்வதில் ஆபத்து இருக்கத்தான் செய்யும் என்கிறான். பயந்துகொண்டே விட்டுவிட்டுப் போகிறாள். பலர் இதை அடிமைத்தனத்தின் கதை என்று வாசித்தார்கள். பட்லர் மறுத்தார், இது காதல் கதை என்றார். நான் பட்லர் பக்கம்.

உங்கள் கதையை எனக்கு இப்போது அனுப்ப வேண்டாம். மனைவியிடம் படிக்கக் கொடுங்கள், அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஃபார்மர் தன் கதையை 1961-இல் நாவலாக விரித்தார், அதைப் பொறுமையாகப் படிக்கலாம். பட்லரை முதலில் படியுங்கள். சாப்பிட்ட கையோடு வேண்டாம்.