29 வாரத்தில் வலி வந்து மனைவி அட்மிட் ஆகியிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் சொன்னது இவ்வளவு: மனைவிக்கு 29 வாரம், விட்டுவிட்டு வயிறு இறுகுகிறது, பனிக்குடம் உடையவில்லை, ஊசி போட்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தனக்கு எதுவும் புரியவில்லை.

வலி வந்து அட்மிட் ஆன எல்லோருக்கும் உடனே குழந்தை பிறந்துவிடுவதில்லை. பலருக்கு வலி அடங்கி, மாதம் நிறைந்தே பிரசவம் ஆகிறது. ஆனால் இவருக்கு அடங்குமா, அடங்காதா என்று முதல் நாளிலேயே யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் மருத்துவர்கள் இரண்டுக்கும் தயாராக இருப்பார்கள். நீங்களும் அப்படியே இருங்கள்.

அந்த ஊசி ஸ்டீராய்டாக இருக்கும். குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுவதற்காகப் போடுவது. பீட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில் 2 ஊசி. டெக்ஸாமெத்தசோன் என்றால் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. (வயிற்றில் இருக்கும்போதே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டு, குறைமாதத்தில் பிறந்த ஆட்டுக்குட்டிகள் எதிர்பாராமல் மூச்சு விட்டதைக் கவனித்தவர் நியூசிலாந்து மருத்துவர் லிகின்ஸ். அவரும் குழந்தை மருத்துவர் ஹோவியும் 1972-இல் தாய்மார்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். எத்தனையோ குழந்தைகள் இன்று உயிரோடு இருப்பதற்கு அதுதான் ஆரம்பம்.) ஊசியின் முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது ஆகும்.

மாத்திரை பெரும்பாலும் நிஃபெடிபின். குடும்பத்தினர் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். அது பிரசவத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடும் மருந்து அல்ல. ஸ்டீராய்டு வேலை செய்யவும், தேவைப்பட்டால் வேறு மருத்துவமனைக்கு மாற்றவும் சுமார் 48 மணி நேரம் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. இரண்டு நாளில் அதை நிறுத்தினால் கைவிட்டுவிட்டார்கள் என்று பதற வேண்டாம். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். முகம் சிவக்கும், தலை வலிக்கும், எழுந்ததும் கிறுகிறுக்கும். பாத்ரூம் போக எழும்போது ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார வைத்து, பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

பிரசவம் நெருங்குவதாகத் தெரிந்தால் குழந்தையின் மூளையைக் காக்க மக்னீசியம் சல்பேட் ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் தீயாய் எரிகிறது என்பார், வாந்தியும் வரலாம். ஈரத்துணியால் முகம், கழுத்து துடைத்துவிடுங்கள். ஆனால் மூச்சு விடச் சிரமம், பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத மயக்கம் என்றால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

உங்களால் உருப்படியாகச் செய்யக்கூடிய பெரிய வேலை, வயிற்றில் கை வைத்துக் கணக்கு எடுப்பது. விரல் நுனிகளை வயிற்றின் மேல்பகுதியில் லேசாக வையுங்கள். இறுக்கம் மூக்கு நுனி போல அழுந்தினால் லேசானது, முகவாய் போல என்றால் நடுத்தரம், நெற்றி போலக் கெட்டியாக இருந்தால் பலமானது. ஒரு இறுக்கம் தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எத்தனை நிமிடம், ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்று எழுதுங்கள். இடுப்பு வலி, கீழே அழுத்துவது போன்ற உணர்வு, வெள்ளைப்படுதலில் மாற்றம் ஆகியவற்றையும் நேரத்தோடு குறியுங்கள். சிலருக்கு வயிறு வலிக்காது, இடுப்பு மட்டும்தான் விட்டுவிட்டு வலிக்கும். அதை 'படுத்தே இருந்ததால் வந்த வலி' என்று விட்டுவிடுவார்கள்.

மருத்துவர் வரும்போது மூன்றே கேள்வி போதும். கர்ப்பப்பை வாயின் நீளம் எவ்வளவு? 30 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் அடுத்த சில நாட்களில் பிரசவமாகும் வாய்ப்பு மிகக் குறைவு. 20-க்குக் கீழே என்றால் அபாயம் அதிகம். ஸ்டீராய்டு முழுவதும் போட்டாகிவிட்டதா? 29 வாரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே இருக்கிறதா? இல்லையென்றால், பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட வயிற்றில் இருக்கும்போதே மாற்றுவது நல்லது.

"அசையாமல் படு" என்று உறவினர்கள் சொல்வார்கள். முழுநேரப் படுக்கை குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. மாறாகக் காலில் ரத்தம் உறையலாம், தசை பலவீனமாகலாம். மருத்துவர் அனுமதிக்கும் அளவு நடக்க விடுங்கள். படுத்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

பேச்சில் கவனம் வேண்டும். "மாடிப்படி ஏறினாய், அதனால்தான்" என்று யாரையும் அவர் காதுபடச் சொல்ல விடாதீர்கள். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. நோய்த்தொற்று, கர்ப்பப்பை வாய் குட்டையாக இருப்பது போன்றவை அவர் செய்த தவறும் அல்ல. "ஒன்றும் ஆகாது" என்பதும் வேண்டாம், அவருக்கே அது நம்பிக்கை தராது. "அடுத்த ஊசி 6 மணிக்கு, நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள், அது பிடிமானமாக இருக்கும்.

தாய்ப்பால் பற்றி இப்போதே நர்ஸிடம் கேட்டு வையுங்கள். குழந்தை பிறந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பாலைப் பீய்ச்சத் தொடங்கி, ஒரு நாளைக்கு 8 முறையாவது எடுக்க வேண்டியிருக்கும். பிறக்கும் முன் பழகிப் பார்க்க வேண்டாம், மார்க்காம்பைத் தூண்டினால் வயிறு இறுகும்.

வலி அடங்கி வீட்டுக்கு அனுப்பினால், உடலுறவு கூடாதா, எவ்வளவு நடக்கலாம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டில் இறுக்கம் வந்தால் சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, இடப்பக்கம் படுக்கட்டும். ஒரு மணி நேரத்தில் 6 முறைக்கு மேல் இறுகினால் கிளம்பிவிடுங்கள். தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. கசிவு என்றால் பேட் வைத்து, அதன் நிறத்தைப் பார்த்து, அந்தப் பேடையும் ஒரு கவரில் கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனிலும் படம் எடுத்து வையுங்கள். ஸ்டீராய்டு போட்ட தேதியும் நேரமும் அதில் இல்லையென்றால் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்; அடுத்த முறை வேறு மருத்துவர் பார்த்தாலும் மறுபடி ஊசி தேவையா என்று முடிவெடுக்க முதலில் கேட்பது அதைத்தான்.