காட்டுக்குத் தீ வைப்பது எப்படி ஆய்வாகும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வனவியல் படித்த என் தங்கைக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் முதுநிலை ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. சிதைந்த பைன் காடுகளைத் தீயின் துணையோடு மீட்பதே ஆய்வுப் பொருள் என்கிறாள். கொளுத்திவிட்டு எதைக் காப்பாற்றுவது என்று அப்பா கேட்கிறார். எனக்கும் விடை தெரியவில்லை.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தங்கை செல்வது பெரும்பாலும் நீள்இலைப் பைன் காடுகளுக்காக இருக்கும். வர்ஜீனியாவிலிருந்து கிழக்கு டெக்சஸ் வரை ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரந்திருந்த அந்தக் காடு, மரவெட்டாலும் பிசின் தொழிலாலும் உழவாலும் சென்ற நூற்றாண்டின் இறுதியில் 3 விழுக்காட்டளவுக்குச் சுருங்கியிருந்தது. எஞ்சியதையும் குலைத்தது, தீயை விடாமல் அணைத்த வனக்கொள்கை. மின்னலும் தொல்குடிகளும் மூட்டிய தீ சில ஆண்டுகளுக்கொரு முறை தரையோடு ஓடிய நிலம் அது. இந்தப் பைனின் நாற்று முதல் சில ஆண்டுகள் புல்தூறு போலவே இருந்து, நடுக்குருத்தை அடர்ந்த ஊசியிலைகளால் மூடித் தீயிலிருந்து காக்கிறது. இலைகளைத் தாக்கும் பழுப்புப்புள்ளி நோயையும் தீயே கட்டுப்படுத்துகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் வனவியலாளர் எச். எச். சாப்மன் 1920களிலேயே இம்மரத்துக்குத் தீ வேண்டும் என்று எழுதியும், கேட்டவர்கள் குறைவு.

ஆனாலும் அப்பாவின் அச்சம் வெறும் அச்சமில்லை. பல பத்தாண்டுகள் எரியாத காட்டில் முதல் தீ முதிய மரங்களையே கொன்றுவிடக்கூடும். உதிர்ந்த ஊசியிலைகளும் பட்டைச் செதில்களும் மரத்தடியில் மட்கி மேடிட்டிருக்க, நுண்வேர்கள் அந்தப் படுகைக்குள்ளேயே ஏறிப் படர்ந்திருக்கும். மேலே அடங்கிவிட்ட தீ படுகைக்குள் மணிக்கணக்கில் கனன்று வேர்களை வேகவைக்கும். அன்று பச்சையாக நின்ற மரம் ஓரிரு ஆண்டில் பட்டுப்போகும். எனவே அடிப்படுகை ஈரமாயிருக்கும் நாள் பார்த்து, மேலடுக்கு மட்டும் எரியுமாறு, பல முறை எரித்துச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள். எவ்வளவு ஈரம், எந்தப் பருவம், எத்தனை ஆண்டு இடைவெளி என்பவையே ஆய்வுக் கேள்விகள். தீப்பந்தம் ஏந்தும் நாட்கள் சிலவே. படுகையைப் பெயர்த்து எடையிட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடையிடும் நாட்களே மிகுதி. அலுப்பூட்டும் வேலைதான்.

சேருமுன் தங்கை தம் வழிகாட்டியிடம் ஆய்வுநிலம் கடைசியாக எப்போது எரிந்தது என்று கேட்கட்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை எரியும் நிலமானால் தங்கை புல்லையும் நாற்றையும் எண்ணுவார். ஐம்பதாண்டு எரியாததானால் கிழமரங்களின் வேரடியில்தான் அமர்ந்திருப்பார்.