நீதிபோதனை வகுப்பு போதுமா?

கேள்வி: எங்கள் காலத்தில் வாரம் ஒரு பீரியட் நீதிபோதனை உண்டு. அது போனதால்தான் இன்றைய பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள் என்கிறேன். சரிதானே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: உங்கள் கவலை நியாயமானது ஐயா, ஆனால் அந்த ஒரு பீரியடை நான் அவ்வளவு நம்பவில்லை. வாயால் சொல்லிக்கொடுப்பதைவிட, பள்ளிக்கூடம் தங்களை எப்படி நடத்துகிறது என்பதைத்தான் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் மாவட்டத்துக் கதையே இருக்கிறது. 1922-இல் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். தேசப்பற்றோடு பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்ற நோக்கம், அதில் குறை சொல்ல எதுவுமில்லை, காங்கிரஸ் கட்சியே பணம் கொடுத்தது. ஆனால் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். அப்போது காங்கிரஸிலேயே இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்து, 1925 வாக்கில் அது தமிழ்நாடு முழுக்கப் பெரிய சண்டையாகிவிட்டது. எல்லோரும் ஒரு தாய் மக்கள் என்று காலையில் படித்துவிட்டு, மதியம் மணியடித்ததும் வேறு பந்திக்குப் போகிற பையன் மனத்தில் எது தங்கும்? பந்திதான்.

1956-இல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு பசிக்காக வந்ததுதான், ஆனாலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் தட்டோடு உட்கார்ந்தார்களே, அதற்கு ஈடான நீதிக்கதை எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சமைப்பவரின் சாதியைப் பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் இருக்கிறார்கள். அங்கெல்லாம் தலைமையாசிரியர் முதல் ஆளாகத் தட்டை நீட்டி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

2023-இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சாதி வெறியில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் கயிறுக்குத் தடை கேட்டதோடு நிற்கவில்லை, வகுப்பில் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கவும் சொன்னது. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் வருஷம் முழுக்க ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்தவனை வெறுப்பது அவ்வளவு சுலபமில்லை. உங்களைப் போன்ற அனுபவசாலிகள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் இதைக் கேளுங்கள் ஐயா. அங்கே நீங்கள் சொன்னால் எடுபடும்.

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகள் நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறாள். பர்சனாலிட்டி டெவலப்மென்ட் கோர்ஸில் சேர்க்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் வகுப்பில் அவள் தப்பாகப் பதில் சொன்னால் என்ன நடக்கிறது என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். சிரிக்கிறார்களா, டீச்சர் மட்டம் தட்டுகிறாரா? அப்படியென்றால் பள்ளிக்குப் போய்ப் பேச வேண்டியது நீங்கள்தான், அவளை இன்னொரு கோர்ஸில் சேர்ப்பதால் அது மாறாது. பிறகு வீட்டில் மார்க்கை மட்டுமே விசாரிக்காதீர்கள். அரசே 2017-இல் பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது, பல வீடுகளில்தான் இன்னும் நிற்கவில்லை. பேங்க் வேலை, ரேஷன் கடை, விருந்தாளியிடம் பேசுவது என்று ஒவ்வொன்றாக அவளிடம் விடுங்கள், அவள் தடுமாறும்போது நடுவில் புகுந்து நீங்கள் பேசிவிடாதீர்கள்.