கைம்மாறு இருந்தால் அது நன்கொடையா?

கேள்வி: எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை இலவச டயாலிசிஸ் மையம் நடத்துகிறது. நிதி திரட்ட டிசம்பரில் ஒரு கச்சேரி வைத்தார்கள். நான் 10,000 ரூபாய் கொடுத்தேன். எனக்கும் மனைவிக்கும் முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். ரசீதில் 'நன்கொடை ரூ.10,000, 80ஜி சலுகை உண்டு' என்று, அதாவது வருமான வரியில் கழிவு கிடைக்கும் என்று, இருக்கிறது. முழுத் தொகையையும் காட்டலாமா? காட்டக்கூடாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
- வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் பழைய வருமான வரிமுறையில் இருக்கிறீர்களா, கழிவுகள் குறைந்த புதியதிலா? புதியது என்றால் பேச்சே இல்லை, அதில் தனிநபருக்கு 80ஜி கிடையாது. 2023-24 முதல் நாமாகப் பழையதைக் கேட்டு வாங்காவிட்டால் புதியதுதான் வரும். வருடா வருடம் ஜூலையில் ஒரு கட்டு ரசீதோடு என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லித்தான் கட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

பழைய முறை என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கச்சேரிக்கு வெளியே டிக்கெட் விற்றார்களா? என்ன விலை? அதை நீங்கள் எழுதவில்லை. ஒரு கணக்குக்கு டிக்கெட் 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் 3,000. அந்த மூவாயிரத்துக்கு நீங்கள் கச்சேரி கேட்டுவிட்டீர்கள். அது வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை. மீதி 7,000 ரூபாய்க்குத்தான் உங்களுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. அதுதான் நன்கொடை என்பது என் கருத்து. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரிதான்.

இந்தக் கழித்தலை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று 80ஜி பிரிவில் வாய்பாடு எதுவும் போட்டுக் கொடுக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் முழுத் தொகையை எழுதிவிடுகிறார்கள். ஆனால் நன்கொடை என்ற சொல்லுக்கே கைம்மாறு இல்லாமல் கொடுப்பது என்றுதான் பொருள். அதிகாரி கேள்வி கேட்டால் பிடிப்பது அந்த இடத்தில்தான்: "பணம் கொடுத்தீர்கள், சரி. பதிலுக்கு என்ன கிடைத்தது?"

போட்டுப் பார்ப்போம். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் 50 சதவீதம்தான் வருமானத்திலிருந்து கழியும். அதுவும் உங்கள் மொத்த வருமானத்தில் (சில கழிவுகள் போக) 10 சதவீத வரம்புக்குள். 20 சதவீத வரி கட்டுகிறவர் 10,000 காட்டினால் மிச்சமாவது செஸ் (வரியின் மேல் போடும் வரி) சேர்த்து 1,040 ரூபாய். 7,000 காட்டினால் 728. வித்தியாசம் 312 ரூபாய். வருமானத்தைத் தவறாகக் காட்டினீர்கள் என்று முடிவானால் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 312 ரூபாய்க்காக இந்தத் தலைவலி உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

அறக்கட்டளையில் போய் இரண்டு ரசீதாகக் கேளுங்கள்: டிக்கெட்டுக்கு 3,000, நன்கொடைக்கு 7,000. அவர்கள் தரும் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழிலும் 7,000 என்றே இருக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடைப் பட்டியலை அவர்கள் வருமான வரித் துறையில் ஏற்றி, உங்களுக்கு அந்தச் சான்றிதழைத் தர வேண்டும். கையில் இருக்கும் ரசீது எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் துறை பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். 10,000 என்று ஏற்கனவே ஏற்றிவிட்டார்கள் என்றால் திருத்தப் பட்டியல் போடவும் வழி இருக்கிறது, சங்கடப்படாமல் கேளுங்கள். டயாலிசிஸ் மையம் நடத்துகிற நல்லவர்கள்தான், கணக்கு எழுதுகிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாம்.

அப்புறம், பணத்தை எப்படிக் கொடுத்தீர்கள்? ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால் ஒரு ரூபாய்க்கும் சலுகை இல்லை. செக், யுபிஐ, வங்கிப் பரிமாற்றம் என்றால் கவலை இல்லை.

கேள்வி: மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது பள்ளியில் 'கட்டட நிதி' என்று 50,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 80ஜி ரசீது கொடுத்தார்கள். இதைக் காட்டலாம்தானே? இல்லையென்றால் 80சி என்ற இன்னொரு கழிவுப் பிரிவில் கல்விக் கட்டணமாகவாவது காட்டலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டிலும் முடியாது, அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் பல வருடங்களுக்கு முன்பு என்னிடம் வந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரும் இதே மாதிரி ஒரு ரசீதோடு வந்தார். விசாரணையில் அதிகாரி அதை ஓரமாக வைத்துவிட்டு, "பையனின் சேர்க்கைக் கடிதம் இருக்கிறதா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் தேதி மே 12. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, நாங்களும் வாதாடவில்லை. இடம் கிடைப்பதற்காகக் கொடுத்த பணம் அது என்பதை இரண்டு தேதிகளும் சொல்லிவிட்டன.

80சி-யிலும் கதவு மூடியிருக்கிறது. கல்விக் கட்டணத்தைக் காட்டலாம் என்று சொல்லும் அதே வரியில், வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை, அது போன்றவை சேராது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு குழந்தைகள் வரை பள்ளிக்குக் கட்டிய டியூஷன் ஃபீஸ் மட்டும் 1.5 லட்சம் என்ற மொத்த வரம்புக்குள் வரும். பழைய வரிமுறையில் இருந்தால்தான் அதுவும்.

இடம் தருவதற்குப் பணம் கேட்பதே தவறு. தமிழ்நாட்டில் கல்வி நிறுவனங்கள் கட்டாய நன்கொடை வாங்குவதைத் தடுக்க 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அடித்துப்பிடித்து ஐம்பதாயிரம் புரட்டிய பெற்றோரின் கையில் 80ஜி ரசீதைத் திணித்து, 'வரியில் திரும்பி வந்துவிடும்' என்று அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. வராத பணத்தை நம்பி அவர்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

கேள்வி: குலதெய்வக் கோயிலுக்கு நாலு டியூப்லைட்டும் ஒரு மின்விசிறியும் வாங்கிக் கொடுத்து 'உபயம்' என்று அப்பா பெயரை எழுதினோம். இப்போது அன்னதான மண்டபத்துக்கு என் கடையின் பெயரில் 2 லட்சம் தருவதாக இருக்கிறேன். கடைப் பெயரைப் பெரிதாகப் போடுவதாகச் சொல்கிறார்கள். இதற்கு ஜிஎஸ்டி வருமா, 80ஜி கிடைக்குமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: டியூப்லைட்டையும் விசிறியையும் மறந்துவிடுங்கள். பொருளாகக் கொடுத்ததற்கு 80ஜி இல்லை, பணமாகக் கொடுத்தால்தான் உண்டு. கோயில் என்றாலும் எல்லாக் கோயிலுக்கும் இல்லை. வரலாற்றுச் சிறப்பு உள்ளது என்றோ, மாநிலம் முழுக்கப் பேர் பெற்ற வழிபாட்டுத் தலம் என்றோ மத்திய அரசு அறிவித்த கோயிலின் திருப்பணிக்குக் கொடுத்தால்தான் இந்தச் சலுகை. உங்கள் குலதெய்வக் கோயில் அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு குறைவு. அப்பா பெயருக்குச் செய்தது செய்ததாகவே இருக்கட்டும்.

ஜிஎஸ்டி விஷயம் சுவாரசியமானது. பெயர் போடுவதும் ஒரு கைம்மாறுதானே என்ற சந்தேகம் உங்களுக்கு மட்டும் இல்லை, நாடு முழுக்க இருந்தது. 2019 அக்டோபரில் மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை போட்டுத் தெளிவாக்கியது. அப்பாவின் நினைவாக மகள் கொடுத்தது என்று கோயில் வளாகத்து அறைக் கதவிலோ தரையிலோ எழுதினால், அது நன்றி தெரிவிப்பது, விளம்பரம் இல்லை, ஜிஎஸ்டி இல்லை என்று அதிலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர் 'உபயம்' எழுத்தை நேரில் பார்த்தே எழுதியது போல இருக்கும்.

உங்கள் மண்டபத்துக்கு அதையே வைத்துப் பாருங்கள். 'உபயம்: இன்னார்' என்று கல்வெட்டில் இருந்தால் நன்றி. கடையின் பெயர், போன் நம்பர், என்னென்ன கிடைக்கும் என்ற வரி எல்லாம் சேர்ந்து பலகையாக மாட்டினால் அது விளம்பரம். அப்போது கோயில் நிர்வாகம் உங்களுக்கு ஒரு சேவை விற்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ள நிர்வாகம் என்றால் 18 சதவீதம் போட்டு பில் தர வேண்டியிருக்கும். உங்கள் கடைக் கணக்கில் அதை விளம்பரச் செலவாக எழுதலாம். ஆனால் அதே இரண்டு லட்சத்தை நன்கொடை என்றும் சொல்லக்கூடாது. இரண்டில் எது என்பதைக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்து, நிர்வாகத்திடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்வெட்டு செதுக்கிய பிறகு என்னிடம் வந்து பயன் இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் தமிழ்ச் சங்க விருந்துக்கு 150 டாலர் கொடுத்தான். அங்கே எப்படி?
- வாசகி, கோவை

பதில்: அங்கே கழித்தல் கணக்கைச் சட்டமே சொல்லிவிடுகிறது. விருந்தின் நியாயமான மதிப்பு 40 டாலர் என்றால் 110 மட்டும்தான் நன்கொடை. இப்படிக் கைம்மாறோடு வாங்கும் தொகை 75 டாலரைத் தாண்டினால், பதிலுக்குக் கொடுத்ததன் மதிப்பைச் சங்கம் எழுத்தில் தந்தாக வேண்டும். ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால், பதிலுக்கு எதுவும் தரவில்லை அல்லது இன்னது தந்தோம் என்று எழுதிய கடிதம் வரிக் கணக்கு தாக்கல் செய்வதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். சங்கம் 501(சி)(3) பதிவு (கொடுப்பவருக்கு அங்கே வரிக்கழிவு தரும் தகுதி) பெற்றதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் அறக்கட்டளைக்கு மகன் நேராக அனுப்பும் பணத்தை அமெரிக்க வரியில் கழிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.