மகளின் இரண்டாவது இன்ஸ்டாகிராம் கணக்கு

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. இரவு ஒரு மணி வரை போர்வைக்குள் செல்போனோடு இருக்கிறாள். எங்களுக்குத் தெரிந்த இன்ஸ்டாகிராம் கணக்கு போக, இன்னொன்றும் வைத்திருப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறாள். சாப்பாடும் குறைந்துவிட்டது. கணவர் போனைப் பிடுங்கச் சொல்கிறார். பிடுங்கிவிடலாமா டாக்டர்?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: பிடுங்க வேண்டாம் அம்மா. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டாவது கணக்கு. சித்தப்பாவும் அத்தையும் பார்க்கும் இடத்தில் எந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேசும்? நெருங்கிய தோழிகளுக்கென்று தனிக் கணக்கு வைப்பது இந்த வயதில் சகஜம். கணக்கு இருப்பதைவிட, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் தாமதமாகச் சுரப்பதால், இயல்பாகவே தூக்கம் தள்ளித்தான் வரும். அதன்மேல் செல்போனும் சேர்ந்தால்? ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்தான். எரிச்சலுக்கு அதுவே போதும். இரவு பத்து மணிக்குமேல் எல்லாப் போன்களும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். எல்லாம் என்றால், உங்கள் கணவருடையதும்தான்.

சாப்பாடு குறைந்ததைத் தனியாகக் கவனியுங்கள். சோற்றை ஒதுக்குகிறாளா, 'குண்டாயிட்டேன்' என்று அடிக்கடி கண்ணாடி பார்க்கிறாளா? திரையில் பார்க்கும் உடம்புகளோடு தன்னை ஒப்பிடுவதாகவும் இருக்கலாம்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. முன்பின் தெரியாத ஒருவன், சமவயதுப் பெண் மாதிரி நடித்து சில வாரம் இனிக்க இனிக்கப் பேசுவான். அப்புறம் ஒரு படம் கேட்பான். படம் கிடைத்ததும் 'உன் கிளாஸ் முழுக்க அனுப்பிவிடுவேன்' என்று மிரட்டி, பணமோ இன்னும் படங்களோ கேட்பான். பையன்களும் இதில் மாட்டுகிறார்கள். 'வீட்டில் தெரிந்தால் அடி விழும், போன் போய்விடும்' என்று பிள்ளை பயப்படும்வரைதான் அவனால் மிரட்ட முடியும். இன்று போனைப் பிடுங்கினால் அந்தப் பயத்தை நீங்களே வளர்த்துவிடுவீர்கள். மூன்றாவது கணக்கு தோழியின் போனில் முளைக்கும்.

'என்ன தப்பு நடந்திருந்தாலும் முதலில் என்னிடம் சொல், திட்ட மாட்டேன்' என்று இப்போதே சொல்லிவையுங்கள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் பணம் அனுப்ப வேண்டாம். உரையாடலை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கோ, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ அழையுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் படம் என்பதால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அவன்மீது பாயும். ஆண் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

தூக்கத்தைச் சரிசெய்து இரண்டு வாரம் பாருங்கள். எரிச்சலும் பசியின்மையும் மாறாவிட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். எடை வேகமாகக் குறைந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். கையில் கீறல் தெரிந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ தனியாக விடாமல் அன்றே கூட்டி வாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் இரவிலும் பேசலாம்.

எதிரே உட்காரவைத்துக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். டியூஷனுக்கு வண்டியில் கூட்டிப்போகும்போது, 'உன் தோழிகள் யாருக்காவது இப்படி மெசேஜ் வந்திருக்கா?' என்று ஆரம்பியுங்கள்.