ஃபுட்பால்ல பால் மேல பாயுற பசங்கள எப்படி நிறுத்துறது?

கேள்வி: வியாசர்பாடி பக்கம் சாயங்காலத்துல பத்து, பன்னெண்டு வயசு பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுக்கறேன். ஒன் ஆன் ஒன்ல, அதாவது ஒருத்தனுக்கு ஒருத்தன் நிக்கும்போது, என் டிஃபெண்டர்ஸ் நேரா ஓடிப்போய் காலை விட்டுடறாங்க, எதிர்ல வர்றவன் பாலோட டக்குனு திரும்பி ஒரு கட் அடிச்சா காலி. வெயிட் பண்ணுங்கடான்னு சொன்னா கோல் வரைக்கும் பின்னாடியே போறாங்க. நல்லா ஆர்வமா இருக்கற ஒருத்தன் ரொம்ப குள்ளம், அவனை டிஃபென்ஸ்ல போடலாமா?

பதில்: தம்பி, ரெண்டு தப்பும் ஒரே இடத்துலேருந்துதான் வருது. டிஃபெண்டர்னா பாலைப் புடுங்கறவன்னு பசங்க நினைச்சிட்டிருக்காங்க, வெளிய நின்னு "எடுடா எடுடா"ன்னு கத்துற அப்பா, மாமாங்களும் அதையேதான் சொல்றாங்க (அவங்கள லைன்லேருந்து கொஞ்சம் தள்ளி நிக்க வைங்க, பாதி பிரச்சனை அங்கயே தீந்துடும்). முதல்ல வர்றவனை ஸ்லோ பண்ணணும், அப்புறம் அவன் எந்தப் பக்கம் போறதுன்னு நாம முடிவு பண்ணணும், பால் எடுக்கறது அதுக்கும் அப்புறம்.

ஒரு வீடியோ காட்டுங்க. 2019 மார்ச் 31, லிவர்பூலோட கிரவுண்டான ஆன்ஃபீல்டுல லிவர்பூலும் டாட்டன்ஹாமும், ஸ்கோர் 1-1, மேட்ச் முடியப்போகுது. டாட்டன்ஹாமோட சிசோகோ பாலோட வர்றாரு, பக்கத்துல அவர் டீம் சோன் ஓடி வர்றாரு, ரெண்டு பேருக்கும் சேத்து லிவர்பூல் டிஃபெண்டர் வான் டைக் ஒருத்தர்தான். மனுஷன் பாயவே இல்ல, சோனுக்குப் போற பாஸை மறைச்சுக்கிட்டே பின்னாடி நகந்தாரு, கடைசில சிசோகோ இடது கால்ல அடிச்சு பால் கோல் பாருக்கு மேல போயிடுச்சு. லிவர்பூல் 2-1ன்னு ஜெயிச்சுது. வான் டைக் பாலைத் தொட்டாரான்னு பசங்ககிட்ட கேளுங்க.

இப்போ கிரவுண்டுக்கு வருவோம். பாஸ் உருண்டு வந்துட்டிருக்கும்போதே ஃபுல் ஸ்பீடுல போகணும், அவன் பாலை ஸ்டாப் பண்றதுக்குள்ள கிட்ட போயிடணும், ஆனா கடைசி ரெண்டு மூணு மீட்டர்ல குட்டி குட்டி ஸ்டெப்பா மாத்தி பிரேக் போடணும். உங்க பசங்க கோட்டை விடறது இங்கதான்னு நினைக்கறேன், அதே ஸ்பீடுல உள்ள போனா யாரா இருந்தாலும் நிக்க முடியாது. ஒன்றரை மீட்டர்ல நின்னு, முட்டியை மடக்கி, ஒரு கால் முன்ன ஒரு கால் பின்ன சைடா நிக்கணும். நேரா காலை விரிச்சு நின்னா பால் நடுவுல போயிடும். சைடு லைன் நம்ம இடது பக்கம் இருந்தா வலது கால் முன்னாடி, அப்போ உள்பக்கம் அடைஞ்சு அவன் லைன் பக்கம்தான் போவான். கண்ணு பால் மேலயே இருக்கணும், அவன் இடுப்பை ஆட்டுறது, ஸ்டெப்ஓவர்னு பால் மேல காலைச் சுத்தி ஏமாத்துறது எல்லாம் பாக்கவே வேணாம்.

எப்போ எடுக்கறது? டச் பெருசா போச்சா, தலையைக் குனிஞ்சிட்டானா, முதுகைக் காட்டிட்டானா, அப்போ முன்கால்ல டக்குனு தட்டிட்டு உடனே உடம்பை நடுவுல கொண்டு போகணும். தட்டிட்டு வேடிக்கை பாத்தா பால் திரும்ப அவன்கிட்டயே போயிடும்.

டிரில் சிம்பிள்தான். பத்துக்கு எட்டு மீட்டர்ல கோன் வைங்க, டிஃபெண்டரே பாஸ் குடுத்துட்டு ஓடிப்போய் அடைக்கணும், அட்டாக்கர் பாலோட எதிர் லைனைத் தாண்டினா அவனுக்கு பாயிண்ட். அஞ்சு செகண்ட் தாண்ட விடாம வச்சிருந்தாலே டிஃபெண்டருக்கு ஒரு பாயிண்ட், பாலை எடுத்தா ரெண்டு. இந்த அஞ்சு செகண்ட் பாயிண்ட் இருக்கே, அதுதான் அவங்களை பொறுமையா நிக்க வைக்கும், நீங்க தொண்டை கிழிய கத்த வேணாம். பின்னாடியே போற பசங்களுக்காக நடுவுல ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்க, அதைத் தாண்டி பின்னாடி போகக்கூடாது, அங்க நின்னு அடைச்சே ஆகணும். ஒரு ரவுண்டு ஆடினா நல்லா ரெஸ்ட் குடுங்க, மூச்சு வாங்கினா திரும்பவும் காலைத்தான் நீட்டுவாங்க. எல்லாரும் ரெண்டு ரோலும் ஆடணும்.

குள்ளப் பையனை தாராளமா போடுங்க. 2006ல இத்தாலி வேர்ல்டு கப் ஜெயிச்சப்போ கேப்டனா இருந்த கன்னவாரோ சென்டர் பேக்தான் (நடு டிஃபெண்டர்), ஆறடி எல்லாம் கிடையாது, அந்த வருஷம் சிறந்த பிளேயருக்கான பாலன் டி'ஓர் விருது அவருக்குத்தான்.

தரையில சறுக்கி பாலை எடுக்கற ஸ்லைடிங் இப்போதைக்கு வேணாம். ஜல்லி மண்ணுல விழுந்தா முட்டித் தோல் உரியும், அதை விடுங்க, படுத்தவன் எழுந்து திரும்பறதுக்குள்ள அங்க கோலே விழுந்துடும்.